தூக்கம் வரவில்லை என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும்

எனக்கு பைபோலார், அதாவது மனநிலை சில காலம் அளவுக்கு மீறி ஏறும், சில காலம் அடியோடு இறங்கும் மனநோய். கண்டுபிடித்து 9 வருடம் ஆகியிருந்தபோது கொரோனா வந்தது. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைப் பெருந்தொற்று என்று சொன்ன இரவு எல்லாரும் வைரஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நான் பைபோலாருக்குப் போடும் லித்தியம் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். 26 நாளுக்கு இருந்தது.

லித்தியத்தில் ஒரு சிக்கல். வேலை செய்யும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் கம்மி, அதனால் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், அதுவும் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. நான் போகும் மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவை மூடிவிட்டார்கள். லேப் திறந்திருந்தது, ஆனால் போகப் பயம். சரி, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அதோடு மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதே என்று வாரத்தில் இரண்டு நாள் போடாமல் மிச்சம் பிடித்தேன், யாரிடமும் சொல்லாமல். இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மே மாதம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் தூங்கினேன். இரவு ஒரு மணிக்கு அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்குவேன், ஒரே வாரத்தில் நாலு ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கட்டினேன். வேறு எந்த வருடமாக இருந்தாலும் அக்கா உடனே கண்டுபிடித்திருப்பாள். அந்த வருடம் ஊரே விடிய விடிய முழித்துக்கொண்டுதானே இருந்தது, எல்லாரும் ஏதோ ஒரு வகுப்பில் சேர்ந்துகொண்டுதானே இருந்தார்கள்? அவளும் அப்படித்தான் நினைத்தாள், நானும்தான். ஒரு வித்தியாசத்தை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை: மற்றவர்கள் தூக்கம் வராமல் மறுநாள் கொட்டாவி விட்டார்கள், எனக்குத் தூக்கமே தேவைப்படவில்லை.

கண்டுபிடித்தது டாக்டர், அதுவும் போனில். முகம் தெரியாது, கை கால் ஆட்டுவது தெரியாது. "நான் கேள்வியை முடிக்கும் முன்னாலேயே மூன்று தடவை பதில் சொல்லிட்டீங்க, நாளைக்கே ரத்தம் குடுங்க" என்றார். ரத்தத்தில் லித்தியம் அளவு 0.4 வந்தது. எனக்கு அவர் வைத்திருந்த இலக்கு 0.8. மிச்சம் பிடித்த கதையை அப்போதுதான் சொன்னேன். திட்டவில்லை, மருந்துச் சீட்டை மூன்று மாதத்துக்கு எழுதி அனுப்பினார். மேனியா, அதாவது அந்த அளவுக்கு மீறிய ஏற்றம், முழுசாக இறங்க ஆறு வாரம் ஆனது, அந்த ஆறு வாரத்தைப் பற்றி எழுத இப்போதும் மனசு வரவில்லை.

அந்த அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்பு வந்தது. 93% நாடுகளில் முக்கியமான மனநலச் சேவைகள் தடைபட்டதாகவோ நின்றுபோனதாகவோ அதில் இருந்தது. படித்ததும் எனக்கு அந்தப் பூட்டிய புறநோயாளிப் பிரிவுதான் ஞாபகம் வந்தது.

டிசம்பரில் எனக்கே கொரோனா. காய்ச்சல், வாந்தி, உடம்புவலிக்கு வீட்டில் இருந்த ஐபுப்ரோஃபென். மூன்றாம் நாள் கை நடுங்கியது, லித்தியத்தால் வரும் வழக்கமான மெல்லிய நடுக்கம் இல்லை, டம்ளரைப் பிடிக்கவே முடியவில்லை. நல்லவேளை உடனே டாக்டரைக் கூப்பிட்டேன். ஐபுப்ரோஃபென் லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற விடாது, உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் இன்னும் ஏறும் என்றார். பாராசிட்டமாலுக்கு மாற்றி, லித்தியத்தை நிறுத்தச் சொல்லி, அன்றே ரத்தம் பார்க்கவைத்தார். எப்போது திரும்பத் தொடங்கலாம் என்பதையும் அவரேதான் சொன்னார்.

இப்போது நான் சீக்கிரம் எழுந்த நாட்களில் அக்கா எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று கேட்பதில்லை. "அசதியா இருக்கா?" என்றுதான் கேட்கிறாள். ஆமாம் என்றால் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.