பிரிட்டனில் இளங்கலை ஆய்வேடு: மதிப்பெண் எங்கே போகிறது?

பிரிட்டனில் கடைசி வருடம் படிக்கும் பிள்ளைகளுக்காக இது. ஆய்வேடு எழுத உட்காரும் முன் துறையின் மதிப்பீட்டு அளவுகோலை அச்செடுத்து மேசையில் வையுங்கள்.

அங்கே 70 எடுத்தாலே முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, 40 தேர்ச்சி. நம்மூர்க் கணக்கில் 65-ஐப் பார்த்துக் கலங்காதீர்கள், அது நல்ல மதிப்பெண். பெரும்பாலும் இருவர் திருத்துவார்கள். வேறு பல்கலைக்கழகத்துத் தேர்வாளர் ஒருவர் மாதிரிக்குச் சில ஏடுகளைப் பார்ப்பார்.

மொழிக்கென்று ஒதுக்கும் பங்கு சிறியதுதான். ஆனால் மொழி சறுக்கினால் அடி விழுவது 'பகுப்பாய்வு' மதிப்பெண்ணில். 30 பேரிடம் கருத்துக் கேட்டுவிட்டு 'ப்ரூவ்ஸ்' (நிரூபிக்கிறது) என்று எழுதினால், சான்றின் எடை தெரியாதவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கே 'சஜெஸ்ட்ஸ்' (இப்படி இருக்கலாம் என்று காட்டுகிறது) போதும். இலக்கிய மீளாய்வில், அதாவது முந்தைய ஆய்வுகளை அலசும் பகுதியில், பத்திக்கு ஓர் அறிஞர் என்று அடுக்குவதும் அப்படியே: படித்தது தெரியும், சிந்தித்தது தெரியாது. யார் யாரோடு எதில் முரண்படுகிறார் என்று பத்தியைக் கட்டுங்கள்.

ஏடு பிற எழுத்துகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் மென்பொருள் டர்னிட்டின்; அது தரும் சதவீதத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். மேற்கோளும் நூற்பட்டியலும் சேர்ந்து 25 வந்தாலும் ஏடு சுத்தமாக இருக்கலாம். 8 சதவீதமும் ஒரே பத்தியிலிருந்து வந்தால் ஆபத்து. வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துச் சொற்களை மட்டும் மாற்றுவதும் திருட்டாகவே எண்ணப்படும், அடிக்குறிப்பு போட்டிருந்தாலும்.