கடலில் கயாக், கையில் தூண்டில்: முதல் பன்னிரண்டு பயணங்கள்

ஐந்து மாதத்தில் பன்னிரண்டு முறை கயாக்கை எடுத்துக்கொண்டு கடலில் இறங்கியிருக்கிறேன். அதில் முதல் நான்கு முறை தூண்டில் வீட்டிலேயே இருந்தது. கரையில் நின்று தூண்டில் போடும் பழக்கம் பல வருடமாக உண்டு, அதனால் மீன் பிடிப்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் ஒரே ஒரு ஆள் உட்காரும் சின்னப் படகில், தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்துகொண்டு, அலையையும் காற்றையும் நீரோட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தபடி தூண்டில் போடுவது முற்றிலும் வேறு வேலை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன், அதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர் யாராவது ஒருவருக்குப் பயன்பட்டால் போதும்.

கயாக் ஒருவர் உபயோகித்தது, மேலே உட்காரும் வகை. நீளம் 3.8 மீட்டர், அகலம் 78 சென்டிமீட்டர். குழிக்குள் கால் நீட்டி உட்காரும் வகை வேகமாகப் போகும் என்றாலும், கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும், நடுக்கடலில் அதை இறைத்துக்கொண்டே ஏறுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். மேலே உட்காரும் வகையில் தளத்தில் மேலிருந்து கீழ்வரை ஓட்டைகள் இருக்கும், ஏறிய தண்ணீர் தானாக வடிந்துவிடும். ஆரம்பிப்பவருக்கு இதுதான் சரி என்பது என் கருத்து. எடை விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். தயாரிப்பாளர் குறிப்பிடும் தாங்கும் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. என் எடை, தண்ணீர், பெட்டி, நங்கூரம், கிடைக்கப்போகும் மீன் எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

முதல் இரண்டு பயணமும் அலையில்லாத ஒரு சின்ன விரிகுடாவில், இடுப்பளவுத் தண்ணீரில் ஆரம்பித்து, பிறகு கால் எட்டாத ஆழத்தில். வேலை ஒன்றே ஒன்று: வேண்டுமென்றே கவிழ்ப்பது, திரும்ப ஏறுவது. காணொளியில் பார்க்கும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது! கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்துவது கஷ்டமில்லை. பக்கவாட்டில் இருந்து, அடிப்பகுதிக்குக் குறுக்கே கையை நீட்டி எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பிடித்து, முழங்காலை இந்தப் பக்கத்து விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்தால் புரண்டுவிடும். ஏறுவதுதான் சிக்கல். சுவரேறுவது போலக் கை பலத்தில் ஏறப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அது என் மேலேயே கவிழ்ந்தது. ஆறு முறை அப்படி ஆன பிறகுதான் விஷயம் புரிந்தது: முதலில் நாம் தண்ணீரின் மேல்மட்டத்தில் நீச்சலடிப்பது போலப் படுத்துக்கொள்ள வேண்டும், கால்களைப் பலமாக உதைக்க வேண்டும், உதைக்கும் வேகத்திலேயே கயாக்கை நம் வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொள்ள வேண்டும். வயிறு குறுக்கே வந்ததும் ஒரு கணம் அப்படியே கிடக்கலாம். அப்புறம் புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். வயிறு, இருக்கை, கால். இந்த வரிசையை இன்றுவரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் செய்கிறேன். இரண்டாவது பயணத்தின் முடிவில் பத்துக்கு எட்டு முறை ஏற முடிந்தது. களைத்துப்போன பிறகு ஏற முடியுமா என்று பார்ப்பதற்காக அரை மணி நேரம் வேகமாகத் துடுப்புப் போட்டுவிட்டு மறுபடி கவிழ்த்தேன், அப்போது மூன்றாவது முயற்சியில்தான் ஏறினேன். உண்மையில் கவிழப்போவது அப்படிக் களைத்த நேரத்தில்தான் என்பதால் இந்தக் கணக்கையே நான் நம்புகிறேன்.

மிதவைச் சட்டையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதைக் கயாக்கில் வைத்திருப்பதால் பயனில்லை. உடம்பில் மாட்டி, பட்டிகளை இறுக்கியிருக்க வேண்டும். தண்ணீரில் விழுந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஆழமில்லாத இடத்தில் மாட்டிப் பாருங்கள். நான் மாட்டியிருக்கும்போது தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கும்படி ஒருவரிடம் சொன்னேன், சட்டை என் முகவாய்க்கு மேலே ஏறியது, ஒரு அளவு சின்னதாக மாற்றிக்கொண்டேன். 50 நியூட்டன் மிதப்புள்ளது துடுப்புப் போட வசதி, ஆனால் அது நீச்சல் தெரிந்து நினைவோடு இருப்பவருக்கானது. மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பிவிடும் என்று அதை நம்பக் கூடாது. கரையை ஒட்டி, துணையோடு போகும்போது மட்டும் 50 போடுகிறேன். இல்லாவிட்டால் 100.

தண்ணீர் குளிராக இருக்கும் இடத்தில் இறங்குபவர்கள் உடையை வெயிலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், தண்ணீரின் சூட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். மீட்புப் பயிற்சிகளில் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சுத் திணறல் அடங்க 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். ஏறும் பயிற்சிக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்கு அந்த நடு 10 நிமிடம் ஒரு காரணம்.

மூன்றாவது பயணம் ஏற்றவற்றத்தைப் படிப்பதற்காக. ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறும் ஆறு மணி நேரமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்துக்கொண்டால் முதல் மணியில் 1 பங்கு, அடுத்து 2, அப்புறம் 3, 3, 2, 1. அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம் உள்ள கடற்கரைகளுக்குப் பொருந்தும் தோராயமான கணக்கு இது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், ஓட்டமும் அதற்கேற்ப இழுக்கும். நான் களைப்பில்லாமல் தொடர்ந்து போகக்கூடிய வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். எதிரே 3 கிலோமீட்டர் வேக நீரோட்டம் இருந்தால் எனக்கு மிஞ்சுவது 2. அதனால் இப்போதெல்லாம் அரைநிலவு நாட்களாகப் பார்த்துத்தான் புது இடத்துக்குப் போகிறேன். ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்குவதே இல்லை. வெளியே ஓடும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் காற்றும் மோதும் இடத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும், அது கயாக்குக்கு ஆகவே ஆகாது.

நான்காவது பயணத்தில்தான் பயம் என்றால் என்ன என்று தெரிந்தது. காலை நேரம், கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி. மரங்களின் உச்சி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபது நிமிடத்தில் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தால் கரை சின்னதாகத் தெரிகிறது. துடுப்பை நிறுத்திய பிறகும் கயாக் வெளியே போய்க்கொண்டேயிருந்தது. கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று! கரையோரத்தில் மரமும் மேடும் அதை மறைத்துவிடும், அதனால் நிற்கும் இடத்தில் காற்றே இல்லாதது போல இருக்கும், வெளியே போகப் போக அலை வளரும். முதுகுப் பக்கம் வீசுவதால் நம் வேகம் போலவே தோன்றும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். திரும்பி வர ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. புறப்பட்ட இடத்துக்கே போக வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, காற்று குறைவாக இருந்த ஒரு முனையைப் பார்த்துக் குனிந்தபடி துடுப்புப் போட்டதால்தான் வர முடிந்தது. அன்றிலிருந்து கரையிலிருந்து வெளியே வீசும் காற்று என்றால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும், இறங்குவதில்லை. மற்ற திசைகளில் 10 நாட் வரைதான், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். பயணத்தின் முதல் பாதியை எப்போதும் காற்றுக்கு எதிராக வைத்துக்கொள்கிறேன், திரும்பும்போது காற்று என்னை வீட்டுக்குத் தள்ளும்.

அந்த ஒரு மணி நேரமும் கைபேசி பெட்டிக்குள் இருந்தது. ஈரக் கையால் திரையைத் தொட்டால் அது கேட்பதும் இல்லை. அப்புறம்தான் மிதக்கக்கூடிய, கையடக்க 5 வாட் விஎச்எஃப் ரேடியோ (படகுகளும் கடலோர மீட்புப் படையும் பேசிக்கொள்ளும் வகை) வாங்கினேன். அது மிதவைச் சட்டையில்தான் மாட்டியிருக்கும், ஏனென்றால் கயாக் கையை விட்டுப் போனாலும் ரேடியோ என்னோடு இருக்க வேண்டும். அவசர அழைப்புக்குச் சேனல் 16. கயாக்கில் இருந்து ஆன்டெனா உயரம் குறைவு, அதனால் வெகுதூரம் எட்டாது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல நாடுகளில் இதற்கு உரிமமும் தேவை. விசிலும் அங்கேயே கட்டியிருக்கிறது. எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்குள் திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் ஆனால் யாரை அழைக்க வேண்டும் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். கரையேறியதும் முதல் வேலை வீட்டுக்குச் சொல்வது.

ஐந்தாவது பயணத்தில் ஒரே ஒரு ராடு, அதாவது தூண்டில் கம்பு. ஆறாவதில் இரண்டு, ஒன்று போயே போய்விட்டது. அலை உடையும் கரையில் இறங்கும்போது ராடுகளைப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தேன், திரும்பும்போது ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தது. இப்போது அலைப் பகுதியைக் கடக்கும்போது ராடு, பெட்டி எல்லாம் உள்ளே படுக்க வைத்துக் கட்டப்பட்டிருக்கும், தொங்கும் கயிறு ஒன்றுகூட இருக்காது. பத்து நிமிடம் கரையில் நின்று அலைகளை எண்ணுகிறேன். பெரிய அலைகள் கூட்டமாக வரும், அதன் பிறகு கொஞ்சம் அமைதி இருக்கும், அந்த இடைவெளிதான் நம்முடையது. நேராகப் போக வேண்டும், நேராக வர வேண்டும். கவிழ்ந்துவிட்டால் கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் நிற்காதீர்கள், தண்ணீர் நிரம்பிய கயாக்கை அலை தூக்கி வந்தால் கால் எலும்பு தாங்காது.

ஏழாவதில் முதல் மீன், ஒரு சீலா. மெதுவாகத் துடுப்புப் போட்டபடி பின்னால் இழுத்து வந்த செயற்கை இரையில் மாட்டியது. ராடைப் பக்கவாட்டில் பிடித்ததும் கயாக் அந்தப் பக்கம் சாய்ந்தது, உடனே முனையை முன்பக்கம் கொண்டுபோனேன், கயாக் தானாக மீன் போகும் திசைக்குத் திரும்பி அதன் பின்னாலேயே போனது. அது ஒரு தனி ஆனந்தம், கரையில் நின்று பிடிக்கும்போது கிடைக்கவே கிடைக்காது. ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கமாக வெளியே ஓடும் என்பதை வைக்கும் திருகு) கரையில் வைப்பதைவிடத் தளர்த்தி வையுங்கள், மீன் இழுத்துக் களைக்கட்டும். மூன்று முள் கொண்ட கொக்கிகளைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கொக்கி போட்டேன், கொக்கி கழன்றுவிடாமல் பிடிக்கும் அதன் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கிவிட்டேன். மடியில் துள்ளும் மீன், அதன் வாயில் கொக்கி, பக்கத்தில் என் தொடை! நீளமூக்குக் குறடும் வலையும் இல்லாமல் இப்போது போவதே இல்லை.

எட்டாவதில் நங்கூரம். அதைப் பக்கவாட்டில் கட்டினேன், அது தப்பு. நீரோட்டம் அந்தப் பக்கத்து விளிம்பைக் கீழே இழுக்க ஆரம்பித்தது, கயிற்றை அறுத்துவிட்டுத் தப்பினேன். சட்டையில் கத்தி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. அதன் பிறகு முனையிலிருந்து வால்வரை ஓடும் கயிறும் வளையமும் பொருத்தி, நங்கூரக் கயிறு எப்போதும் முன்முனையிலோ பின்முனையிலோ இருக்கும்படி செய்தேன், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் முடிச்சும் மிதவையும் உண்டு. ஓட்டம் பலமாக இருந்தால் நங்கூரமே போடுவதில்லை.

ஒன்பதாவது பயணத்தில் இரண்டு மணி நேரம் கழித்துக் கயாக் ஏதோ குடித்தது போலத் தள்ளாடியது. கரையேறி அடைப்பானைத் திறந்தால் வாளிக் கணக்கில் தண்ணீர். மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. உள்ளே இருக்கும் தண்ணீர் சாயும் பக்கத்துக்கே ஓடும், அதனால் சாய்வு இன்னும் கூடும். கயாக் வாங்கியதும் உள்ளே தண்ணீர் ஊற்றி எங்கே கசிகிறது என்று பாருங்கள், நான் அதைச் செய்யவில்லை. இப்போது ஒரு மணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்க்கிறேன், அலை இல்லாத இடத்தில் மட்டும்.

பத்து, பதினொன்றில் சொல்ல அதிகமில்லை, ஒரு கடல் கெளுத்தியின் முள் விரலில் ஏறியதைத் தவிர. கெளுத்தி, திருக்கை முள்ளுக்கெல்லாம் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரியைத் தாண்டாத வெந்நீரில் வைத்தால் வலி குறையும், குத்துப்படாத கையால் முதலில் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருக்கை முள் ஆழமாக ஏறினால், அல்லது முள் உள்ளேயே உடைந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பன்னிரண்டாவது, போன வாரம். நான்கு மணி நேரம், கரையிலிருந்து 600 மீட்டருக்குள், துணைக்கு இன்னொரு கயாக். இரண்டு சீலா, ஒன்றைத் திருப்பி விட்டோம். திரும்பி வந்து ரீலையும் மூடிகளையும் கொக்கிகளையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது: நான் இதுவரை ஏறிப் பழகியதெல்லாம் வெறும் கயாக்கில். ராடும் பெட்டியும் வலையும் கட்டிய கயாக்கில் ஒருமுறைகூட இல்லை. அடுத்த பயணம் மறுபடி அந்த விரிகுடாவுக்குத்தான். எல்லாவற்றையும் கட்டி, கொக்கிகளை மட்டும் கழற்றிவிட்டு, கவிழ்த்துப் பார்க்கப் போகிறேன்.