டி-பீட்டா, க்ரஸ்டா, பிளாக் மெட்டலா: டிரம்ஸிலிருந்து தொடங்குங்கள்

ஸ்காண்டிநேவிய எக்ஸ்ட்ரீம் இசை (பங்க், மெட்டல் இரண்டின் கடுமையான கிளைகள்) பற்றிப் பேச்செடுத்தால் அது வகைப்பெயர்ச் சண்டையில்தான் போய் நிற்கும். ஸ்வீடனின் டிஸ்ஃபியர் குழு பங்க்கா, மெட்டலா? நார்வேயின் டார்க்த்ரோன் குழுவின் 2006-க்குப் பிந்தைய இசையை இன்னும் பிளாக் மெட்டல் என்று சொல்லலாமா? மார்ட்டிர்டோட் எந்தப் பக்கம்? கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து, "பெயரில் என்ன இருக்கு, பாட்டைக் கேளுங்க" என்று பேச்சை முடித்துவைப்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் சரியாக இருந்தால்தான் ஒரு ஆல்பத்திலிருந்து அடுத்த ஆல்பத்துக்கு வழி தெரியும். ஸ்வீடனின் ஆன்டி சிமெக்ஸ் குழுவைக் கேட்டுச் சொக்கிப்போனவரிடம் "இதெல்லாம் க்ரஸ்ட்" (பங்க்கின் மெட்டல் கலந்த கிளை) என்று சொல்லி இங்கிலாந்தின் அமெபிக்ஸைக் கொடுத்தால் அவர் ஏமாந்துதான் போவார். முன்னது ஒரே பாய்ச்சல். பின்னது கனத்து, மெதுவாக நகரும் இசை.

சண்டைகள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குவதால்தான் தீராமல் இழுக்கின்றன. முதலில் அட்டைப்படம், பிறகு பாடல் வரிகள், பிறகு உடை, கடைசியாகத்தான் இசை. என் வரிசை இப்படி: டிரம்ஸ், கிட்டார்காரரின் வலது கை, பாட்டின் கட்டமைப்பு, ஒலிப்பதிவு. வரிகளும் உடையும் இவற்றுக்கெல்லாம் பிறகு வரட்டும்.

டி-பீட் என்ற டிரம்ஸ் அடியை எட்டு எண்ணிக்கையில் வைத்துப் பாருங்கள். கிக் என்பது காலால் அடிக்கும் பெரிய டிரம், ஸ்நேர் என்பது குச்சியால் அடிக்கும், கூர்மையாக ஒலிக்கும் டிரம். 1-இல் கிக், 3-இல் ஸ்நேர், 4-இல் கிக், 6-இல் கிக், 7-இல் ஸ்நேர். 2, 5, 8 மூன்றும் காலி. வாயால் சொன்னால் "தும் – தக் தும் – தும் தக் –". இதையே சாதாரண ராக் அடியோடு ஒப்பிடுங்கள்: 1-இல் கிக், 3-இல் ஸ்நேர், 5-இல் கிக், 7-இல் ஸ்நேர். ஸ்நேர் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் விழுகிறது. வித்தியாசம் முழுக்க கிக்கில் இருக்கிறது. 5-இல் விழ வேண்டிய கிக் அங்கே விழாமல் 4-இலும் 6-இலும் பிரிந்து விழுவதால்தான் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி அந்த இசை முன்னே ஓடுகிறது.

இங்கேதான் முதல் தவறும் நடக்கிறது. எண்பதுகளின் பங்க் ஒலிப்பதிவுகளில் கிக் டிரம் கிட்டாருக்கு அடியில் புதைந்துவிடும். காதுக்கு ஸ்நேர் மட்டும் எட்டும், ஸ்நேரை வைத்து இந்த இரண்டு அடிகளையும் பிரிக்க முடியாது. உடனே "வேகமா இருக்கு, அப்போ டி-பீட்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாட்டைப் பாதி வேகத்தில் ஓட விட்டு, ஹெட்ஃபோனில் அடிநாதத்தை மட்டும் பின்தொடருங்கள். யூடியூபிலேயே அந்த வசதி இருக்கிறது. அப்படியும் பிடிபடவில்லை என்றால் மேடை வீடியோவில் டிரம்மரின் காலைப் பாருங்கள்.

இந்த அடி 1978-இல் பஸ்காக்ஸ் ஆல்பத்திலேயே ஒரு பாட்டில் வந்துவிட்டது. ஆனால் அதை ஒரு வகையின் முதுகெலும்பாக்கியது ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊரின் டிஸ்சார்ஜ். 1981-இல் "வொய்", 1982-இல் "ஹியர் நத்திங் ஸீ நத்திங் ஸே நத்திங்". அணு ஆயுத அச்சம் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்த காலம் அது, நான்கைந்து வரியில் முடிந்துபோகும் போர் எதிர்ப்புப் பாடல்கள் அவை. ஸ்வீடனில் 1983-84 வாக்கில் ஆன்டி சிமெக்ஸும் மாப் 47-ம் அதை வாங்கி இன்னும் வேகமாக்கினார்கள். ஸ்வீடன்காரர்கள் இதை ரோ-பங்க் என்பார்கள், சிலர் ஷெங் என்பார்கள். நாம் டி-பீட் என்று சொன்னால் போதும், ஒரு நிபந்தனையோடு: ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை அந்த அடிதான் தாங்க வேண்டும். நடுவில் இருபது வினாடி டி-பீட் வந்துவிட்டால் அந்த இசைக்குழு டி-பீட் குழு ஆகிவிடாது.

பிளாஸ்ட் பீட் வேறு சமாசாரம். ஸ்நேரும் கிக்கும் இயந்திர வேகத்தில் மாறி மாறி விழுவது ஒரு வகை, இரண்டும் சேர்ந்தே விழுவது இன்னொரு வகை. எது என்பதைவிட அதன் மேல் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். கிரைண்ட்கோரில் (ஹார்ட்கோர் பங்க்கும் மெட்டலும் கலந்த மிக வேகமான இசை) பிளாஸ்ட் ஒரு வெடிப்பு, சில வினாடிகளில் வந்து போய்விடும். நார்வே பிளாக் மெட்டலில் அது தரை விரிப்பு. 1994-இல் வந்த டார்க்த்ரோனின் "டிரான்சில்வேனியன் ஹங்கர்" ஆல்பத்தைக் கேளுங்கள். நான்கு டிராக் கருவியில் பதிவானது. டிரம்ஸ் கிட்டத்தட்ட ஒரே அடியை விடாமல் அடித்துக்கொண்டே போகும். கொஞ்ச நேரத்தில் வேகம் என்ற உணர்வே மறைந்து, மேலே நகரும் கிட்டார் மட்டும் மெதுவாக மாறுவது காதில் தங்கும். அடியின் வேகமும் இசையின் வேகமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அடுத்து வலது கை. பங்க்கும் டி-பீட்டும் பவர் கார்டில் நிற்பவை: ஒரு மூல சுரம், அதன் ஐந்தாம் சுரம், அவ்வளவுதான். ஈ-யும் பி-யும் இருக்கும், நடுவில் ஜி இருக்காது. அதற்குக் காரணம் உண்டு. கனத்த டிஸ்டார்ஷனில் (கிட்டார் ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்குவது) மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் சுரங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழைந்துவிடும். டெத் மெட்டல் தாழ்ந்த ஒற்றைக் கம்பியில், உள்ளங்கையை பிரிட்ஜ் பக்கம் வைத்து அமுக்கி, அரைச்சுர அரைச்சுரமாக நகரும். நார்வேக்காரர்கள் அந்த மூன்றாம் சுரத்தைத் துணிந்து உள்ளே விட்டார்கள். மேஹெமின் யூரோனிமஸும் தோர்ன்ஸின் ஸ்னோர்ரே ரூக்கும் கொண்டுவந்த பாணி அது: முழு மைனர் கார்டு, கம்பிகளை அமுக்காமல் ஒலிக்க விட்டு, பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகட்டை) மேலும் கீழும் இடைவிடாமல் ஓட்டுவது. கார்டு குழையாமல் இருக்க கிட்டாரின் தாழ்ந்த ஒலியைக் குறைத்து, கூர்மையை ஏற்றினார்கள். அந்த மெலிந்த சத்தம் பணமில்லாமையால் மட்டும் வந்ததல்ல. அந்தக் கார்டுகளுக்கு அது தேவைப்பட்டது.

இவை இரண்டையும் வைத்து ஒரு விதி சொல்கிறேன்: டிரம்ஸ் பெயர்ச்சொல்லைத் தரட்டும், கிட்டார் பெயரடையைத் தரட்டும். கோதன்பர்க்கின் மார்ட்டிர்டோட் ஆல்பங்களில் அடியில் ஓடுவது பெரும்பாலும் டி-பீட். மேலே ஓடுவது இடைவிடாத பிக் வீச்சில் சோகமான மைனர் மெட்டு. அடி டி-பீட் என்பதால் அது பங்க் பக்கம், ஆகவே பிளாக் மெட்டல் வாடை கொண்ட க்ரஸ்ட். "க்ரஸ்ட் கலந்த பிளாக் மெட்டல்" என்று திருப்பிப் போட்டால் தவறு. அந்தப் பெயரை நம்பி வருபவர் பிளாஸ்ட் பீட்டை எதிர்பார்த்து வருவார், அது அவருக்குக் கிடைக்காது.

விதி தடுமாறும் இடமும் ஒன்று உண்டு: ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல். டிஸ்மெம்பரிலும் என்டூம்ப்டிலும் டி-பீட் தாராளமாக வரும். அந்தப் பையன்கள் ஆன்டி சிமெக்ஸ் பாடல்களோடு வளர்ந்தவர்கள், வராமல் எப்படி இருக்கும்? டிரம்ஸை மட்டும் கேட்டால் அவர்களை பங்க் என்று எழுதிவிட நேரும். இங்கேதான் கட்டமைப்பு கைகொடுக்கிறது. ஒரு பாட்டில் எத்தனை ரிஃப் (பாட்டைத் தாங்கும் சின்ன கிட்டார் துணுக்கு) வருகிறது என்று எண்ணுங்கள். டி-பீட் பாட்டில் இரண்டு, மிஞ்சினால் மூன்று, அவையே திரும்பத் திரும்ப வரும். ஒன்றரை நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். என்டூம்ப்டின் 1990 ஆல்பமான "லெஃப்ட் ஹேண்ட் பாத்"தின் தலைப்புப் பாடல் ஆறரை நிமிடத்துக்கு மேல் ஓடும், வேகம் பல முறை மாறும், கடைசியில் ஆளே மாறிய மாதிரி மெதுவான ஒரு மெட்டில் போய் இறங்கும். அது டெத் மெட்டல். அதே குழு 1993-இல் "வுல்வரின் புளூஸ்" வெளியிட்டபோது ரிஃப்கள் குறைந்தன, ராக் அசைவு வந்தது, குரல் மட்டும் பழையபடி இருந்தது. டெத் அண்ட் ரோல் என்ற பெயர் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. அந்தப் பெயரைக் கேலி செய்பவர்கள் அதைவிடத் துல்லியமான ஒன்றை இன்னும் தரவில்லை.

இப்போது ஒலிப்பதிவு. இந்தப் பகுதியில்தான் நன்றாகத் தெரிந்தவர்களும் வழுக்குகிறார்கள், காரணம் ஒரு சின்னப் பெடல். பாஸ் கம்பெனியின் எச்எம்-2, கிட்டாருக்கு டிஸ்டார்ஷன் ஏற்றும் பெடல். 1983-இல் வந்தது, 1991-இல் தயாரிப்பு நின்றது, 2020-இல் அதே கம்பெனி மறுபதிப்புக் கொண்டுவந்தது. நான்கு குமிழ்கள்: லெவல், கலர் மிக்ஸில் லோ, ஹை என இரண்டு, டிஸ்ட். நான்கையும் வலது கோடிக்குத் திருப்பியதுதான் ஸ்டாக்ஹோம் சத்தம். நிஹிலிஸ்ட் குழுவின் லெஃபே குஸ்னர் அதைத் தொடங்கிவைத்தார், சன்லைட் ஸ்டுடியோவில் தோமாஸ் ஸ்கோக்ஸ்பெரி அதைப் பதிவில் நிலைநிறுத்தினார். ஹை குமிழ் 1 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைப் பலமாகத் தூக்குகிறது. மரம் அறுக்கும் இரம்பத்தின் இரைச்சல் அங்கிருந்துதான் வருகிறது. லோ குமிழ் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தைத் தூக்குகிறது.

வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, ஏற்கெனவே டிஸ்டார்ஷன் ஏறிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சேனலில் இதைச் செருகுவது. இரண்டு டிஸ்டார்ஷனும் சேர்ந்து கூழாகிவிடும். ஆம்பை கிளீனாகவோ லேசான கிரஞ்சிலோ (சிறு கரகரப்பில்) வையுங்கள். ஆம்பின் பேஸ் குமிழைக் குறையுங்கள், இல்லையென்றால் 100 ஹெர்ட்ஸில் பேஸ் கிட்டாரோடு மோதும். நாய்ஸ் கேட் (இரைச்சலைத் துண்டிக்கும் கருவி) இல்லாமல் பாட்டுக்கு நடுவில் நிறுத்தம் வைக்க முடியாது, வாசிக்காத இடத்தில் சீறிக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு அடையாளமான சத்தம் என்பதால்தான் அதைக் கேட்டதும் "ஸ்வீடிஷ் டெத் மெட்டல்" என்று எழுதிவிடுகிறார்கள். பெடல் ஒரு வகை ஆகாது. கலிஃபோர்னியாவின் நெய்ல்ஸ் இதே சத்தத்தை வைத்துக்கொண்டு வாசிப்பது ஹார்ட்கோரும் கிரைண்ட்கோரும். டிஸ்ஃபியரின் 2008 ஆல்பமான "லிவ் த ஸ்டார்ம்"இல் கிட்டார் வாசித்தவர்களில் ஒருவர் என்டூம்ப்டின் உஃபே செடர்லுண்ட், பாடியவர் அட் த கேட்ஸின் தோமாஸ் லிண்ட்பெரி. இரண்டு பெரிய டெத் மெட்டல் பெயர்கள், ஆனாலும் டிரம்ஸில் டி-பீட், ரிஃப்கள் சில, பாட்டு நேராக ஓடுகிறது. அது பங்க் ஆல்பம்தான். மறுபக்கச் சான்றும் உண்டு. டார்க்த்ரோனின் முதல் ஆல்பம் "சோல்சைட் ஜர்னி" 1991-இல் வந்தது, பதிவானது அதே சன்லைட்டில், இசை சுத்தமான டெத் மெட்டல். நார்வே, டார்க்த்ரோன் என்ற இரண்டு சொல்லைப் பார்த்துவிட்டு அதை பிளாக் மெட்டல் அடுக்கில் வைத்திருப்பவர்கள் ஏராளம்.

சில பெயர்கள் சத்தத்திலிருந்து பிறக்கவே இல்லை, அவற்றிடம் காதை வைத்து நியாயம் கேட்கக் கூடாது. பிளாக் மெட்டல் என்பது நியூகாசிலின் வெனம் 1982-இல் வெளியிட்ட ஆல்பத்தின் தலைப்பு. அந்த ஆல்பத்தின் இசை மோட்டர்ஹெட் வழிவந்த கரடுமுரடான வேக மெட்டல். நார்வேக்காரர்கள் எடுத்துக்கொண்டது பெயரையும் சாத்தானையும். இசைக்கு அவர்கள் அதிகம் கடன்பட்டது ஸ்டாக்ஹோமின் பாத்தரிக்கு. க்ரஸ்ட் என்ற பெயரும் அப்படித்தான், ஹெல்பாஸ்டர்ட் 1986-இல் வெளியிட்ட "ரிப்பர் க்ரஸ்ட்" டெமோவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அமெபிக்ஸின் "அரைஸ்" அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. வைக்கிங் மெட்டல் முழுக்க முழுக்க பாடுபொருளைக் குறிப்பது. மெதுவான பாத்தரியும் அதில் அடங்கும், வேகமான குழுவும் அடங்கும். இசையைத் தேட அந்தப் பெயர் எனக்கு ஒருபோதும் பயன்படவில்லை.

டார்க்த்ரோனுக்கு வருகிறேன், சண்டை அதிகம் நடப்பது அங்கேதான். 1991 டெத் மெட்டல். 1992-இன் "எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை" பிளாக் மெட்டல், ஆனால் பழைய டெத் மெட்டல் ரிஃப்கள் அங்கங்கே எட்டிப் பார்க்கும், சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்டின் நிழலும் கனமாக விழும். 1994-இல் சலனமற்ற பிளாக் மெட்டலின் உச்சம். 2006-இன் "த கல்ட் இஸ் அலைவ்" பங்க்கும் க்ரஸ்டும் ஏறியது: மைனர் கார்டுகள் பின்வாங்கி, பவர் கார்டும் நேரான ராக் அடியும் முன்னுக்கு வந்தன. 2013-இன் "தி அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்" எண்பதுகளின் ஹெவி மெட்டல். இத்தனை ஆல்பங்களிலும் அதே இருவர் இருக்கிறார்கள், ஃபென்ரிஸும் நொக்டர்னோ குல்டோவும். குழுவுக்கு ஒரு பெயர் ஒட்ட முயன்றால் இந்தச் சண்டை முடியவே முடியாது. ஆல்பத்துக்கு ஒட்டுங்கள், அப்போது சண்டை போட எதுவும் மிஞ்சாது.

கணினியில் பாட்டு சேகரிப்பவர்கள் இதையே டேகிலும் (பாட்டுக் கோப்பின் தகவல் கட்டங்களில்) செய்யலாம். ஜானர் கட்டத்தில் ஒரே ஒரு பெயர்ச்சொல்: க்ரஸ்ட், டி-பீட், டெத், பிளாக், கிரைண்ட், ஹார்ட்கோர், ஹெவி. பெயரடையை ஜானரில் சேர்த்தால் ஒரே மாதத்தில் அறுபது வகை முளைத்து, தேடல் பயனற்றுப்போகும். பெயரடை, ஊர், எச்எம்-2 போன்றவற்றைக் கமெண்ட் கட்டத்தில் எழுதுங்கள். "ஸ்டாக்ஹோம்" என்று தேடினால் மாப் 47-ம் டிஸ்மெம்பரும் அடுத்தடுத்து வந்து நிற்கும், அந்த நெருக்கம் ஜானர் கட்டத்தில் ஒருநாளும் தெரியாது. டிஸ்காக்ஸ் என்ற ஆல்பப் பட்டியல் தளத்தில் இருந்து தகவல் இறக்குபவர்கள் ஜானர் கட்டத்தை நம்ப வேண்டாம், அங்கே எல்லாமே "ராக்" என்றுதான் இருக்கும். ஸ்டைல் கட்டத்தை எடுங்கள். மெட்டல் குழுக்களைத் தொகுக்கும் மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் ஒரு குழு இல்லை என்றால் அது மோசமான குழு என்று பொருளில்லை, போதுமான மெட்டல் இல்லை என்று அங்கே முடிவெடுத்திருக்கிறார்கள். டி-பீட் குழுக்கள் பலவற்றை அங்கே தேடினால் கிடைக்காது.