குன்னூரில் ராத்திரிச் சாப்பாடு

குன்னூரில் ஒன்பது மணிக்கு மேல் சூடாக எதையும் நம்பிப் போகாதீர்கள். ஏழரைக்குள் உட்கார்ந்துவிடுவது உத்தமம்.

இட்லி விஷயத்தில் கொஞ்சம் உஷார். டிசம்பர், ஜனவரி குளிரில் மாவு ராத்திரி முழுக்க இருந்தாலும் பொங்காமல் கிடக்கும். விவரம் தெரிந்த மாஸ்டர் மாவுச் சட்டியை அடுப்போரம் வைப்பார்; அவசரக்காரர் சோடா உப்பை அள்ளிப் போடுவார். பிட்டால் லேசான மஞ்சள், நாக்கில் சவக்கார ருசி என்றால் அது சோடா. தோசைக்கு மாறிப் பயனில்லை, அதே மாவுதான். சப்பாத்தி சொல்லுங்கள்.

சாம்பாரும் அப்படித்தான். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம் பருப்பு மசிய நேரம் பிடிக்கும். கரண்டியில் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நின்றால் காரணம் இதுதான்.

குடிக்கிறவர்களுக்கு: டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை. பாட்டிலுக்குப் 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2022-ல் நீலகிரியில் தொடங்கியது. காட்டில் வீசிய பாட்டிலின் உடைந்த கண்ணாடி யானைகளின் காலைக் கிழிப்பதால் வந்த ஏற்பாடு. அந்தப் பத்து ரூபாய் திரும்ப வேண்டுமென்றால் பாட்டிலில் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள். ஹோட்டல் பார் சௌகரியம், ஆனால் பில் எகிறும். குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்குவது சுத்த முட்டாள்தனம்.

மொறுமொறு பேக்கரிப் பண்டமான ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்று சுட்டதா என்று கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் காகிதப் பையில் விட்டால் நமத்துவிடும், டப்பா கொண்டுபோங்கள்.