புள்ளி என்றால்…

ஜூன் 3

வடிவியலை முதலிலிருந்து படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் பக்கமே தாண்டவில்லை. புள்ளி என்றால் என்ன? பள்ளியில் பென்சில் முனையால் தாளில் குத்திக் காட்டினார்கள், அதோடு சரி. இன்று ஒரு வரியில் எழுதப் பார்த்தேன். ‘மிகச் சிறிய இடம்.’ எவ்வளவு சிறியது? எந்த அளவைச் சொன்னாலும் அதில் பாதி இன்னும் சிறியதுதானே. சரி, இடம் என்றால்? ‘ஒரு பொருள் இருக்கும் புள்ளி’ என்று எழுதிவிட்டு, நானே சிரித்துக்கொண்டு அடித்தேன்.

ஜூன் 4

பழைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் என்ன செய்தார் என்று பார்த்தேன். கி.மு. 300 வாக்கில் எழுதிய அவருடைய நூலின் முதல் பகுதி 23 வரையறைகளோடு தொடங்குகிறது. பகுதி இல்லாதது புள்ளி. அகலம் இல்லாத நீளம் கோடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பகுதி, அகலம், நீளம் இவற்றை யார் சொல்வது? வேடிக்கை என்னவென்றால், பின்னால் வரும் எந்த நிரூபணத்திலும் ‘பகுதி இல்லாதது’ என்ற வரியை அவர் எடுத்தாள்வதே இல்லை. வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

ஜூன் 6

அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் இன்னொரு சொல், அதைத் தேடினால் மற்றொன்று. சொற்கள் முடிவில்லாமல் இல்லை. ஆகவே ஒன்று, சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும்; அல்லது எங்காவது நிற்க வேண்டும். வடிவியலில் புள்ளி, கோடு, தளம் என்ற மூன்றில் நின்றுகொள்கிறார்கள். இவை வரையறுக்கப்படாத சொற்கள். ஏமாற்று வேலை போலத்தான் முதலில் பட்டது.

ஜூன் 9

ஏமாற்று இல்லை. 1899-இல் ஜெர்மன் கணிதர் டேவிட் ஹில்பர்ட் வடிவியலை அடியிலிருந்து திரும்பக் கட்டியபோது, புள்ளி, கோடு, தளம் என்ன என்று சொல்லவே இல்லை. அவை எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் அடிக்கோள்களாக, அதாவது நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் விதிகளாக, எழுதினார். புள்ளி, கோடு, தளம் என்பதற்குப் பதிலாக மேசை, நாற்காலி, பீர்க் குவளை என்று வைத்தாலும் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும் என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

பொருள்களோடு சில உறவுகளையும் வரையறுக்காமல் விட்டார். ஒன்று, ‘இடையில்’. இதை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஆனால் அது கையில் இருந்தால் கோட்டுத்துண்டு தானாக வந்துவிடுகிறது: அ, ஆ என்ற இரு புள்ளிகளும் அவற்றின் இடையில் உள்ளவையும். கதிரும் அப்படியே. ஒரே புள்ளியில் தொடங்கும் இரு கதிர்கள் கோணம்.

முக்கோணத்தின் ஒரு பக்கத்தை வெட்டி உள்ளே நுழையும் கோடு, முனை வழியாகப் போகாவிட்டால், இன்னொரு பக்கத்தை வெட்டித்தான் வெளியேறும். இதைப் போய் யாராவது எழுதி வைப்பார்களா? 1882-இல் மோரிட்ஸ் பாஷ் என்ற கணிதர் எழுதி வைத்தார். யூக்ளிட்டின் விதிகளில் அது இல்லை. படம் பார்த்து எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 10

மேசை நாற்காலி விஷயத்தைச் சோதித்துப் பார்த்தேன். மூன்று விதிகள் மட்டும். எந்த இரண்டு புள்ளிகள் வழியாகவும் ஒரே ஒரு கோடு. ஒவ்வொரு கோட்டிலும் குறைந்தது இரண்டு புள்ளிகள். எல்லாப் புள்ளிகளும் ஒரே கோட்டில் இல்லை.

இப்போது ‘புள்ளி’ என்றால் ஒரு ஆள், ‘கோடு’ என்றால் இரண்டு பேர் சேர்ந்த ஜோடி. மூன்று பேர்: மூன்று ஜோடிகள். விதிகள் மூன்றும் பொருந்துகின்றன. தாளில் ஒரு கோடு கூட வரையவில்லை!

அப்புறம் இணைகோடு ஞாபகம் வந்தது. பொதுப்புள்ளி இல்லாத இரண்டு கோடுகள், அதாவது பொது ஆள் இல்லாத இரண்டு ஜோடிகள். மூன்று பேரில் அப்படி எதுவும் கிடைக்காது. நாலு பேர் என்றால் ஆறு ஜோடிகள். அ–ஆ என்ற ஜோடிக்கு வெளியே நிற்கும் இ-க்கு, அதோடு ஒட்டாத ஜோடி ஒன்றே ஒன்று: இ–ஈ. பள்ளியில் படித்த அதே இணைகோட்டு விதி!

ஐந்து பேர்: இ–ஈ, இ–உ. இரண்டு. அதே மூன்று விதிகள்தான், ஒன்றையும் தொடவில்லை. அப்படியானால் இணைகோடு எத்தனை என்பதை இந்த மூன்றிலிருந்து எவ்வளவு முட்டினாலும் வருவிக்க முடியாது. தனி விதியாகத்தான் சேர்க்க வேண்டும்.

தூங்கப் போகுமுன் ஆறு பேரையும் எண்ணிப் பார்த்தேன். மூன்று.