ஷிஸ்ருக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு

கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கங்களில் ஓமானுக்கு வேலைக்குப் போன ஒருவராவது இல்லாத ஒழுங்கை குறைவு. அவர்களில் ஓமானின் தெற்கு நகரமான சலாலாவில் இருப்பவர்களுக்கு, இரண்டு நாள் லீவு கிடைத்தால் போய்ப் பார்க்கக்கூடிய பழைய இடம் ஒன்று பாலைவனத்துக்குள் இருக்கிறது: ஷிஸ்ர். நாலு சில்லும் இழுக்கும் வண்டி இருந்தால் போதும் என்று நினைத்துக் கிளம்புவதிலிருந்துதான் அந்தப் பாதையில் சிக்கல்கள் தொடங்குகின்றன. ரயர்க் காற்றும், தண்ணீரும், திரும்பும் நேரமும் சரியாக இருந்தால் ஒரு சாதாரண ஹைலக்ஸ் தாராளமாகப் போய்வரும்.

முதலில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். குந்துருக்கம் (வாசனைப் புகை போடும் மரப்பிசின்) ஏற்றிய ஒட்டகக் கூட்டங்கள் ரூப் அல் காலி மணற்பரப்புக்குள் இறங்குமுன் தண்ணீர் எடுத்த இடம் ஷிஸ்ர். ஊற்றைக் காவல் காத்த ஒரு கோட்டையின் சுவர் அடிகளும் கோபுர அடிகளும் இருக்கின்றன; நடுவில் பெரிய பள்ளம். கோட்டை நின்றது சுண்ணாம்புக் கல் குகை ஒன்றின் கூரைமேல். காலப்போக்கில் அந்தக் கூரை உடைந்து, கட்டடத்தின் ஒரு பகுதியையும் கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. மணலுக்குள் புதைந்த மாநகரம் என்று கேள்விப்பட்டுப் போகிறவர்களுக்கு இடம் சின்னதாகத்தான் தெரியும். 2000ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில், குந்துருக்க நிலம் என்ற தொகுதிக்குள் இது ஒன்று. காணாமற்போன உபார் நகரம் இதுதான் என்று 1992இல் பெரிய செய்தியானது. ஆனால் அங்கே அகழ்ந்த தொல்லியலாளர் ஜூரிஸ் ஸரின்ஸே பிற்காலத்தில் உபார் என்பது ஒரு நகரமாக இல்லாமல் ஒரு பிரதேசத்தின் பெயராக இருக்கலாம் என்றுதான் சொன்னார். ஆகவே உபாரைத் தேடாமல் ஷிஸ்ரைப் பார்க்கப் போவது நல்லது.

காலம் மிக முக்கியம். நமக்குத் திருகோணமலையில் கச்சான் காற்று வறட்டி எடுக்கிற அதே மாதங்களில், அதே தென்மேற்குப் பருவக்காற்று சலாலா மலைகளில் தூறலும் மூடுபனியுமாக இறங்குகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை அந்த மலையேற்றத்தில் சில இடங்களில் முன்னால் போகும் லொறியின் பின்விளக்குக்கூடத் தெரியாது. மலையைத் தாண்டியவுடன் பனி அறுந்து, உள்நாட்டில் வெயில் 45 பாகையைத் தொடும். அந்த மாதங்களை விடுங்கள். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து பெப்ரவரி வரைதான் ஏற்ற காலம்.

ஓமானில் வண்டி வலப்பக்கமாக ஓடும். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். இலங்கையில் பழகிய கண், சந்தியில் முதலில் வலப்பக்கம் பார்த்துவிட்டு இறங்கிவிடும். அங்கே முதலில் வாகனம் வருவது இடப்பக்கத்திலிருந்து. வதிவிட விசாவில் இருப்பவர்களுக்கு ஓமான் சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். சுற்றுலாவாகப் போகிறவர்கள் இலங்கை ஓட்டோமொபைல் சங்கம் தரும் சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கிளம்புமுன் எடுத்துவிடலாம். வாடகை வண்டியென்றால் ஒப்பந்தத்தை வாசியுங்கள்: காபட் வீதியை விட்டு இறங்கினால் காப்புறுதி செல்லாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

சலாலாவிலிருந்து மலையேறி தும்ரைத் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். பாதி வழியில் வாடி தவ்கா, காட்டுக் குந்துருக்க மரங்கள் நிற்கும் பள்ளத்தாக்கு. அரை மணித்தியாலம் இறங்கிப் பாருங்கள். தும்ரைத்தில் டாங்கியை நிரப்பிவிட்டு மஸ்கட் வீதியில் வடக்கே போய், மேற்கே ஷிஸ்ர் பாதைக்குத் திரும்ப வேண்டும். அது இடப்பக்கத் திருப்பம் என்பதால் எதிரே வரும் கனரக வாகனங்களைக் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும். எண்ணெய்ப் பவுசர்கள் மணிக்கு 100இல் வருகிற வீதி அது. தூரத்தைக் கண்மதிப்பில் நம்பாமல், வீதி முழுதாக வெறுமையாகும்வரை நில்லுங்கள். சலாலாவிலிருந்து மொத்தம் 180 கிலோமீற்றர் அளவில் வரும். காபட் எங்கே முடிகிறது, கிரவல் எங்கே தொடங்குகிறது என்பதைத் தும்ரைத் பெற்றோல் செட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய வழிக்குறிப்புகளை நம்ப வேண்டாம்.

போனில் இடத்தை முன்கூட்டியே இறக்கி வைக்கும்போது ஒரு பிழை அடிக்கடி நடக்கும். ஷிஸ்ர் இருப்பது வடக்கு 18 பாகை 15 கலை, கிழக்கு 53 பாகை 39 கலையில். இதைத் தசமமாக எழுதினால் 18.25, 53.65. ஒரு பாகைக்கு 60 கலை என்பதை மறந்து 18.15, 53.39 என்று அடித்தால் வரைபடம் உங்களை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தள்ளி, வெறும் நிலத்துக்குக் கூட்டிப்போகும். ஊருக்குள் இந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். அங்கே தெரியாது, எல்லாத் திசையும் ஒரே மாதிரி.

கிரவல் பாதையில் குறுக்கே வரிவரியாக மேடு கட்டியிருக்கும். மெதுவாகப் போனால் ஒவ்வொரு மேட்டிலும் சில்லு இறங்கி ஏறி வண்டி முழுவதும் நடுங்கும். மணிக்கு 60, 70க்கு வந்தால் மேட்டின் தலையைத் தொட்டுத் தொட்டு ஓடும், நடுக்கம் குறையும். ஆனால் அந்த வேகத்தில் சில்லு நிலத்தில் முழுதாகப் பதிவதில்லை. பிரேக்கும் பிடிக்காது, வளைவில் பின்பக்கம் வழுக்கும். வளைவு கண்ணில் பட்டவுடனேயே காலை எடுங்கள், வளைவுக்குள் பிரேக்கை மிதிக்காதீர்கள். காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே பாதி நடுக்கம் போய்விடும்.

இனிக் காற்று. கம்பனி சொன்ன அளவு 35 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். கிரவலுக்கு 26. இளகிய மணலுக்கு 16, வெறும் வண்டியென்றால் 15. புதைந்துவிட்டால் மட்டும் 12. அதற்குக் கீழே போனால் ரயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வளைகுடாவில் பல மானிகள் பார் கணக்கில் காட்டும். 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ., ஆக 16 பி.எஸ்.ஐ. என்றால் 1.1 பார். காற்றைக் குறைத்தால் ரயர் அகலமாகப் பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் உண்மையில் வேலை செய்வது நீளம். நிலத்தில் பதியும் தடம் முன்னும் பின்னுமாக நீள்கிறது, அதே பாரம் கூடுதல் பரப்பில் பரவுகிறது, மணல் உடையாமல் தாங்குகிறது. ஓடிவந்த சூட்டில் அளந்தால் மானி கூடவே காட்டும். ரயருக்குள் 10 பாகை கூடினால் ஏறத்தாழ 2 பி.எஸ்.ஐ. ஏறும். அதனால் சூட்டோடு 16க்கு இறக்கினால், இரவு குளிர்ந்தபின் அது 12, 13 ஆகிவிடும். காலையில் மறுபடி அளக்காமல் கிளம்பக் கூடாது.

மணலுக்கு இறக்கிய காற்றோடு மணிக்கு 40ஐத் தாண்டக் கூடாது, வெட்டித் திருப்பவும் கூடாது. காபட் ஏறுமுன் 35க்கு நிரப்பியே ஆக வேண்டும். காற்றில்லாத ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்ந்து சூடாகி, வேகத்தில் வெடிக்கும். சிகரெட் லைட்டரில் செருகும் சின்னப் பம்ப் கார் ரயருக்குச் சரி. பெரிய ரயருக்கு பியூஸ் எரிந்து போகும். பற்றரியில் நேரே கவ்வும் கொம்பிரசர் வாங்குங்கள், எஞ்சினை ஓடவிட்டு நிரப்புங்கள். நாலு ரயருக்கும் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும், நடுவில் அதை ஆறவிடவும் வேண்டும். இந்த நேரத்தையும் பயணக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதை ஊரிலேயே பழகலாம். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் மீன் வாடிகளுக்குப் போகும் மணல் பாதைகள் காய்ந்த மாதங்களில் பாலைவன மணலுக்குக் கிட்டத்தட்ட நிகர். கரைவலை இழுக்க ட்ரக்டர் ஓட்டுகிறவர்களிடம் அரை நாள் நின்று பாருங்கள்: சில்லு சுழல ஆரம்பித்ததும் அவர்கள் காலை எடுத்துவிடுவார்கள், கூட மிதிக்க மாட்டார்கள். வாடிக்காரர்களிடம் கேட்டு, பாதையில் மட்டும் பழகுங்கள். ஆமை முட்டையிடும் கரை மணலிலும் அடம்பன் கொடி படர்ந்த மேட்டிலும் ஏற்றாதீர்கள்.

புதைந்தால் ஒழுங்கு இதுதான். வண்டி முன்னே நகரவில்லை என்று தெரிந்த அந்தக் கணமே காலை எடுங்கள். இன்னும் பத்து விநாடி மிதித்தால் சில்லு தனக்கே கிடங்கு தோண்டி, வண்டியின் வயிறு மணலில் உட்கார்ந்துவிடும். அதன்பிறகு சில்லுக்குப் பாரமே இல்லை, சும்மா சுழலும். இறங்கிக் கீழே பாருங்கள். வயிறு தட்டவில்லையென்றால் முதலில் வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள், அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. வரவில்லையென்றால் சவளால் நாலு சில்லுக்கும் முன்னால் சரிவாக வெட்டி, டிப்பரன்ஷலுக்குக் கீழும் மணலை எடுத்து, காற்றை 12க்கு இறக்கி, லோ கியரில் மெதுவாகக் கிளப்புங்கள். மணல் தகடு இருந்தால் இழுக்கும் சில்லுக்கு அடியில் இறுக்கிச் செருக வேண்டும். ஜக் வைப்பதானால் அடியில் ஒரு அடிச் சதுரப் பலகை வேண்டும், இல்லாவிட்டால் ஜக்தான் கீழே போகும். இன்னொரு வண்டியால் இழுக்கும்போது பட்டியை ட்ரெய்லர் கொழுவும் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் துவக்குக் குண்டு போலப் பறந்து வரும், ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேஸியில் பொருத்திய கொக்கியில் மட்டும் மாட்டி, மற்றவர்களைப் பட்டியின் நீளத்தைவிடத் தூரமாக நிறுத்துங்கள்.

உப்புத் தரவை வேறு சங்கதி. மேலே வெள்ளைப் பொருக்கு, பார்க்க இறுக்கம், கீழே ஈரச் சேறு. நிலாவெளி உப்பளக் கரையில் மாரியில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். அங்கே காற்றை இறக்குவது பெரிதாக உதவாது. இருக்கும் தடத்தை விட்டு விலகாமல் இருப்பதுதான் ஒரே வழி.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்குக் குடிக்க மட்டும் 6 லீற்றர், குளிர்காலத்திலும். ஒரு நாள் பயணத்துக்கு மூன்று நாள் தண்ணீர் ஏற்றுங்கள். நாலு பேருக்கு 72 லீற்றர். ஒரே கானில் வேண்டாம், ஒன்று ஒழுகினால் எல்லாம் போய்விடும். 20 லீற்றர்க் கான் மூன்று, மீதி போத்தல்கள். ரேடியேற்றருக்கு வைக்கும் தண்ணீர் இதில் சேராது. வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தேடி வருகிறவர்களுக்கு வண்டி தூரத்திலிருந்தே தெரியும், நடக்கிற ஆள் தெரியமாட்டார். ஓமானில் அவசர இலக்கம் 9999, ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது பயன்படாது. ஆகவே எந்தப் பாதையால் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் பேச்சு வராவிட்டால் பொலிசுக்குச் சொல்ல வேண்டும் என்பதைச் சலாலாவில் நிற்கிற ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவது இதற்கு ஈடாகாது. அவரால் அங்கிருந்து யாரையும் அனுப்ப முடியாது.

காலை 6 மணிக்குக் கிளம்பி, ஷிஸ்ரிலிருந்து மதியம் 2 மணிக்குத் திரும்புங்கள். டிசம்பரில் 5.45 வாக்கில் சூரியன் மறையும், இருட்டு சட்டென்று விழும். இரவில் ஒட்டகங்கள் வீதியில் நிற்கும். கந்தளாய் வீதியில் யானைக்குக் காட்டும் அதே பயத்தை அவற்றுக்கும் காட்டுங்கள். கால் நீளமானதால் பொனட் காலில் அடிக்க, முழு உடம்பும் முன்கண்ணாடியில் விழும். ஷிஸ்ரைத் தாண்டி மணல் மலைகள் வரை போகும் ஆசை எல்லோருக்கும் வரும். தனி வண்டியில் போகாதீர்கள். அங்கே எரிபொருள் செலவு வழமையைவிட ஒன்றரை, இரண்டு மடங்காகும்.

இடத்தில் வேலிக்குள் நடைபாதையில் நில்லுங்கள். பள்ளத்தின் விளிம்பு உடைந்து விழுந்த விளிம்பு, அது இன்னும் உடையலாம். பானை ஓடு, கல் எதையும் எடுக்காதீர்கள். ஏன் என்பதற்கு நமக்கு நெருங்கிய ஒரு சாட்சி சலாலாவுக்குக் கிழக்கே, தாக்கா அருகே கோர் ரோரியில் இருக்கும் சும்ஹுரம் துறைமுகத்தில் கிடைத்தது. இத்தாலியக் குழு அகழ்ந்த ஒரு பானை ஓட்டில் தமிழ் பிராமியில் ணந்தை கீரன் என்ற பெயர் கீறியிருந்தது. கிறித்துவுக்குப் பின் 1ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். அந்த ஓட்டை யாராவது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தால், கீரன் என்ற தமிழர் பெயர் அந்தத் துறையில் இருந்தது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். எந்த மண்ணடுக்கில், எந்தப் பொருட்களோடு கிடந்தது என்ற பதிவு இல்லாத ஓடு வெறும் ஓடுதான்.

தடங்களும் அப்படித்தான். ஆங்கிலேயப் பயணி பெர்ட்ராம் தோமஸ் 1930இல் அந்தப் பக்கம் போனபோது உபாருக்குப் போகும் பாதை என்று பாலைவன நாடோடிகளான பதூக்கள் அவருக்கு ஒட்டகத் தடங்களைக் காட்டினார்கள். 1984இல் சலஞ்சர் விண்ணோடத்திலிருந்து எடுத்த ரேடார் படங்களிலும் பின்னர் லான்ட்சாட் செய்மதிப் படங்களிலும் பழைய தடங்கள் தெரிந்தன. அவற்றைப் பின்தொடர்ந்துதான் ஷிஸ்ரில் அகழ்ந்தார்கள். ஒட்டகப் பாதம் நூற்றாண்டுக் கணக்கில் பதிந்து கிடக்கும் நிலத்தில் இரண்டு தொன் வண்டியின் ரயர் கீறுவதும் அப்படியே கிடக்கும், பழைய தடத்தையும் அழித்துவிடும். ஏற்கெனவே வாகனம் ஓடிய பாதையிலேயே ஓடுங்கள், குறுக்கு வழி போடாதீர்கள்.

திரும்பி காபட் ஏறுமுன் காற்றை நிரப்புகிற இடத்திலேயே சில்லு நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். வரி மேடு அவற்றைத் தளர்த்தியிருக்கும். பற்றரிக் கவ்விகளையும் தொட்டுப் பாருங்கள். சலாலா வந்தபின் ஏர் பில்டரைக் கழற்றி உட்பக்கத்திலிருந்து வெளியே ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி தாளுக்குள் இன்னும் ஆழமாக ஏறும். காற்றின் அழுத்தத்தையும் குறைத்து, நுனியைத் தாளில் படாமல் தள்ளிப் பிடியுங்கள், தாள் கிழிந்தால் அடுத்த பயணத்தில் மணல் நேரே எஞ்சினுக்குள் போகும். உப்புத் தரவைக் கரையில் ஓடியிருந்தால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.