மியாட்டாவின் இரண்டாம் கியரும் இரண்டு லிட்டர் ஆயிலும்

என்னிடம் இருப்பது 1991 மாஸ்டா மியாட்டா. 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர். டொராண்டோவில் குளிர் தொடங்கியதுமே காலையில் இரண்டாவது கியர் விழ மறுக்கும். லீவர் பாதி வழியில் முட்டி நிற்கும், கொஞ்சம் அழுத்தினால் கர்ரென்று உரசும். பத்து நிமிடம் ஓடிச் சூடேறிவிட்டால் அந்தத் தொல்லையே இருக்காது.

கியர்பாக்ஸ் ஆயிலைத் தொடுவதற்கு முன் கிளட்சைப் பார்த்தேன். இந்த வண்டியில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர், அதாவது மிதியின் அழுத்தத்தைத் திரவம் வழியாக வாங்கி கிளட்சை விடுவிக்கும் பாகம், அடிக்கடி ஒழுகும். அது ஒழுகினால் கிளட்ச் முழுதாக விடுபடாது. என்ன ஆயில் ஊற்றினாலும் கியர் உரசத்தான் செய்யும். சோதிப்பது சுலபம். வண்டியை நிறுத்தி, கிளட்ச் மிதியை முழுக்க அழுத்தி, சில விநாடி பொறுத்து ரிவர்ஸ் போட வேண்டும். கியர் விழும்போது வேகங்களை ஒன்றாக்கும் சின்க்ரோ ரிவர்ஸுக்குக் கிடையாது என்பதால், கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் உரசி உடனே காட்டிக்கொடுத்துவிடும். என் வண்டியில் சத்தமில்லாமல் விழுந்தது. சரி, இனி ஆயில்தான்.

முந்தைய உரிமையாளர் கொடுத்த ரசீதுகளில் ஒரு பட்டறை 80W-90 ஜிஎல்-5 ஊற்றியதாக எழுதியிருந்தது (ஜிஎல் என்பது கியர் ஆயிலின் தரவகை). வண்டியின் கையேடு ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனால் குளிருக்கும் சேர்த்து அது சொல்வது 75W-90. பின்னால் வரும் 90 சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்கிறது. நம் காலை நேரத் தொல்லைக்கு முன்னால் இருக்கும் எண்தான் முக்கியம். 80W என்றால் மைனஸ் 26 டிகிரி வரைக்கும், 75W என்றால் மைனஸ் 40 வரைக்கும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுகக் கூடாது.

ஜிஎல் விஷயத்தில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். ஜிஎல்-5, பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்காக வந்தது. அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திச் சறுக்குவதால் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்க்கைகள் தாராளமாக வேண்டும். கியர்பாக்ஸுக்குள் நடப்பதே வேறு. சின்க்ரோ வளையம் பித்தளை. அது கூம்பின்மேல் உரசிப் பிடித்தால்தான் இரண்டு பக்கத்து வேகமும் ஒன்றாகி கியர் உள்ளே போகும். அந்தப் பிடிக்கு உராய்வு தேவை. மிகவும் வழுக்கும் ஆயிலை ஊற்றினால் பற்களுக்கு நல்லது, வளையம் பிடிக்காமல் நழுவும். கந்தகம் பித்தளையை அரிக்கும் என்ற பயமும் உண்டு. இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் பலவும் அரிப்புச் சோதனையில் தேறிவிடுவதால் எனக்கு அது இரண்டாவது காரணம்தான். ரெட் லைன் எம்டி-90 எடுத்தேன், ஜிஎல்-4, 75W-90. கியர்பாக்ஸுக்கு 2 லிட்டர் வேண்டும். பாட்டில் ஒன்றில் 946 மில்லிதான், இரண்டு வாங்கினால் 100 மில்லிக்கு மேல் குறையும். மூன்றாக வாங்குங்கள்.

சனிக்கிழமை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, நான்கு ஸ்டாண்டிலும் மட்டமாக ஏற்றினேன். முன்பக்கம் மட்டும் தூக்கினால் ஆயில் அளவு தப்பாகிவிடும். கீழே படுத்ததும் முதலில் கழற்ற வேண்டியது பக்கவாட்டில் இருக்கும் ஊற்றும் நட்டு. அது இறுகிப்போய் வராவிட்டால், ஆயிலை வடித்துவிட்ட பிறகு வண்டி அப்படியே ஸ்டாண்டில் நிற்க வேண்டியதுதான். எனக்கு நீளக் கைப்பிடி போட்டதும் அசைந்தது. அப்புறம் அடியில் 24 நம்பர் ஸ்பேனர். வந்த ஆயில் கறுப்பு, பொறுக்க முடியாத கந்தக நாற்றம். ட்ரெயின் நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை போல இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. அது சாதாரணத் தேய்மானம். விரலில் தேய்த்துப் பார்த்தேன், சில்லு எதுவும் தட்டுப்படவில்லை. வடிந்த ஆயிலில் மட்டும் பித்தளை மினுமினுப்பு லேசாகத் தெரிந்தது. வளையம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஊற்றுவதற்கு எஞ்சின் பக்கத்திலிருந்து நீளக் குழாய் விட்டு மேலே புனல் வைத்தேன். குளிரில் ஆயில் இறங்க நேரமாகும் என்று பாட்டில்களை முன்பே வெந்நீரில் வைத்திருந்தேன். துளையின் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்தி நட்டை மூடினேன்.

பலர் இங்கேயே முடித்துவிடுவார்கள். மியாட்டாவில் கியர் லீவர் உட்காரும் குழிக்குத் தனி ஆயில் உண்டு. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினால் இது மாறாது. கன்சோலைக் கழற்றி லீவரை உருவிப் பார்த்தால் உள்ளே இருந்த சின்ன ரப்பர் உறை கிழிந்து, குழி ஏறக்குறைய வறண்டு கிடந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் சூட்டுக் காற்று காருக்குள் வந்துகொண்டிருந்திருக்கிறது. புது உறையும் லீவர் நுனிக்குப் புது நைலான் புஷ்ஷும் போட்டு, மீதமிருந்த ஆயிலில் 80 மில்லி போல ஊற்றினேன்.

மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் காலை மைனஸ் 2 டிகிரி. முதல் சிக்னலில் இரண்டாம் கியர் இன்னும் கொஞ்சம் தயங்கியது, ஆனால் உரசவில்லை. மூன்றாவது சிக்னலுக்குள் சரியாகிவிட்டது. சூடான பிறகு லீவரில் இருந்த தொளதொளப்பும் போய், ஒவ்வொரு கியரும் டக்கென்று உட்காருகிறது. வேகமாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது மட்டும் பழைய உரசல் எப்போதாவது கேட்கிறது. அது தேய்ந்த வளையத்தின் வேலை, ஆயிலால் தீராது. அந்த இடத்தில் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இறக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். சாலையில் உப்பு போடுவதற்குள் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்ற வேண்டும். அதற்கு 0.65 லிட்டர், அங்கே ஜிஎல்-5 தான்.